ஆல்ஃபிரிஸ்டன் குருமனை: புகைக்கு இடம்விட்டுக் கட்டிய ஒரு வீடு

கிழக்கு சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் என்னும் சிற்றூரில், இடிந்து விழும் நிலையிலிருந்த ஒரு வேய்கூரை வீட்டை 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை 10 பவுண்டுக்கு விலைக்கு வாங்கியது. அறக்கட்டளை தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்கு முன் அதன் கைக்கு வந்திருந்தது வேல்ஸில் கடலை நோக்கிய ஒரு குன்றுச்சரிவு மட்டுமே. இன்று கோட்டைகளையும் மாளிகைகளையும் நூற்றுக்கணக்கில் பராமரிக்கும் அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம், ஒரு கிராமத்துக் குருவானவருக்கு உரிமையாயிருந்த மரச்சட்ட வீடு என்பது பலரும் எடுத்துச் சொல்லும் செய்தி. அந்தச் செய்தியின் கவர்ச்சியால் வீடு பின்னுக்குப் போய்விடுகிறது என்பதுதான் எனக்குள்ள குறை. விலையைச் சொல்லும் குறிப்புகளில் பெரும்பாலானவை அந்த விலைக்கு வந்தது எத்தகைய கட்டடம், அது ஏன் அந்த வடிவில் கட்டப்பட்டது, பழுதுபார்த்தவர்கள் எதைத் தொட்டார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்ற கேள்விகளுக்குள் நுழைவதில்லை. இந்த ஆய்வு அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறது.

இடமும் பொருளும்

சவுத் டவுன்ஸ் எனப்படும் வெண்சுண்ணக் குன்றுகளை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடும் கக்மியர் என்ற சிற்றாற்றின் கரையில் ஆல்ஃபிரிஸ்டன் இருக்கிறது. ஊரின் ஆற்றுப்பக்கத்தில் ‘டை’ என்று அழைக்கப்படும் பொதுப் புல்வெளியும், அதன் ஓரத்தில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித அந்திரேயா ஆலயமும் உள்ளன. சிலுவை வடிவில், சிக்கிமுக்கிக் கல்லால் எழுப்பப்பட்ட அந்த ஆலயம் ஊரின் அளவுக்கு மீறிப் பெரியது. ‘டவுன்ஸின் பேராலயம்’ என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. அதன் பக்கத்திலேயே தாழ்ந்த கூரையுடன் நிற்கிறது குருமனை.

ஒரே நூற்றாண்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுந்த இந்த இரு கட்டடங்களும் இரண்டு வேறு நிலங்களிலிருந்து பிறந்தவை. ஆலயத்தின் கல் காலடியில் கிடைத்தது. சுண்ணப்பாறையின் அடுக்குகளுக்கிடையே விளையும் சிக்கிமுக்கிக் கல் அங்கே உழவன் கலப்பையிலேயே தட்டுப்படும். வீட்டுக்கு வேண்டிய ஓக் மரமோ இந்தச் சுண்ணக் குன்றுகளில் தாராளமாக வளர்வதில்லை. அது குன்றுகளுக்கு வடக்கே, களிமண் நிலமான வீல்டு காட்டுப்பகுதியின் செல்வம். கென்ட், சசெக்ஸ், சர்ரே மாவட்டங்களுக்குள் பரந்து கிடக்கும் அந்தக் காட்டின் பெயரால்தான் இவ்வகை வீட்டுக்கே ‘வீல்டன்’ வீடு என்று பெயர் வந்தது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தென்கிழக்கு இங்கிலாந்தில் இத்தகைய வீடுகள் ஏராளமாகக் கட்டப்பட்டன. கென்ட்டில் அவை மிக அடர்த்தியாக எஞ்சியுள்ளன. பெரும்பாலானவை பிரபுக்களின் மனைகள் அல்ல; சொந்தமாகவோ நீண்ட உரிமையிலோ நிலம் வைத்திருந்த வசதியான உழவர்களின் வீடுகள். 1348–49 கொள்ளைநோய்க்குப் பின் ஆள்கூலி உயர்ந்து, பிழைத்திருந்தவர்களின் கையில் நிலம் சேர்ந்த தலைமுறைகளில் இந்த உழவர் வர்க்கம் தலையெடுத்தது. ஆல்ஃபிரிஸ்டன் வீட்டையும் நேஷனல் டிரஸ்ட் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீல்டன் வீடு என்றே குறிக்கிறது. குருவானவரின் உறைவிடமானாலும் அதன் வடிவம் உழவர் வீட்டின் வடிவம்தான். மதகுருவுக்கென்று தனிக் கட்டடக்கலை ஏதும் அதில் இல்லை.

ஒரு கூரை, மூன்று பகுதி

வீல்டன் வீட்டின் தரைப்படம் எளிது. நடுவில் கூடம், தரையிலிருந்து கூரைமுகடு வரை தளமோ பரணோ இல்லாமல் திறந்திருப்பது. அதன் ஒரு முனையில் இரண்டு அடுக்காக அறைகள்: கீழே வீட்டாரின் தனியறை, மேலே படுக்கையறை. மறுமுனையிலும் இரண்டு அடுக்கு: கீழே பானங்கள் வைக்க ஒன்றும் ரொட்டியும் உலர்பண்டமும் வைக்க ஒன்றுமாக இரண்டு சிற்றறைகள், மேலே ஓர் அறை. கூடத்தின் அந்தக் கீழ்முனையில் முன்வாசலும் பின்வாசலும் நேர்க்குநேராக அமைய, வீட்டைக் குறுக்கே அறுத்துச் செல்லும் ஒரு நடை உருவாகும். நடையிலிருந்து பார்த்தால் கூடத்தின் மறுகோடியில், தரையோடு ஒட்டாத உயர்ந்த இருக்கையில் வீட்டுத்தலைவர் அமர்ந்திருப்பார். யார் எந்தப் பக்கத்தில் நிற்கலாம், எதுவரை வரலாம் என்பதைச் சொல்ல அங்கே ஆள் தேவைப்படவில்லை. நமக்கும் ‘கூடம்’ என்ற சொல் வெறும் அறையைக் குறிப்பதன்று, வீட்டார் கூடுகிற நடுவிடத்தைக் குறிப்பது. ஆங்கிலேயர் ‘ஹால்’ என்று சொன்னபோது அந்தக் காலத்தில் நினைத்ததும் அதுவே. வாசலைத் திறந்ததும் வரும் குறுகலான வழியைக் குறிக்க அந்தச் சொல் சுருங்கியது பிற்காலத்தில்.

இந்தத் தரைப்படம் வீல்டன் வீட்டுக்கே உரியதன்று. இடைக்கால இங்கிலாந்தின் கூட வீடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. வீல்டன் வீட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது அதன் முகப்பு. இருமுனை அறைகளிலும் மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டி ஏறத்தாழ ஒன்றரை அடி முதல் 2 அடி வரை தெருப்பக்கம் துருத்தி நிற்கும். கூடத்துக்கு மேல்தளம் இல்லாததால் துருத்தவும் வழியில்லை. ஆகவே நடுப்பகுதிச் சுவர் உள்வாங்கினாற்போல நிற்கும். கூரையோ இந்த மேடுபள்ளம் எதையும் பொருட்படுத்தாமல் ஒரே நேர்க்கோட்டில் மூன்று பகுதிகளின் மேலும் ஓடுகிறது. இரு முனைகளின் துருத்திய சுவர்த்தலைகளைத் தொட்டுக்கொண்டு செல்லும் நெடுங்கட்டை, கூடத்துக்கு முன்னால் வரும்போது கீழே சுவரின்றி அந்தரத்தில் போகிறது. அதைத் தாங்க இருபுறத் தூண்களிலிருந்தும் வில்லாக வளைந்த தாங்குகட்டைகள் எழுந்து வருகின்றன. அந்த இரு வளைவுகளுக்கு நடுவே, ஆழ்ந்த இறவாணத்தின் நிழலுக்குள் கூடத்தின் சுவர் அமிழ்ந்திருக்கும். ஆல்ஃபிரிஸ்டனின் புகைப்படங்களில் கண்ணை முதலில் பிடிப்பது இந்த நிழல்தான்.

இதைப் பலர் அழகுக்காகச் செய்த அலங்காரம் என்று விளக்குகிறார்கள். அழகு உண்மை, ஆனால் அது விளைவு. காரணம் வேறு என்பது என் வாதம். இதே மூன்று பகுதிகளைக் கொண்ட வீட்டுக்கு அக்காலத்தில் வேறொரு வழியும் இருந்தது: கூடத்துக்கு ஒரு கூரை, அதன் இருமுனைகளிலும் குறுக்கே நிற்கும் கட்டுகளுக்குத் தனித்தனிக் கூரை. பெரிய மனைகள் அப்படித்தான் கட்டப்பட்டன. ஆனால் இரண்டு கூரைகள் சந்திக்கும் இடத்திலெல்லாம் ஒரு தாழ்வாய் விழும்; தாழ்வாயில் மழைநீர் கூடும்; வேய்கூரையில் முதலில் மக்குவதும் ஒழுகுவதும் அந்த இடமே. ஈயத்தகடு பதித்து அதைச் சமாளிக்க வசதியில்லாத உழவனுக்குத் தாழ்வாயே இல்லாத கூரை வேண்டும். வீல்டன் தச்சன் கண்ட தீர்வு, கீழே சுவர்கள் எப்படி வேண்டுமானாலும் முன்னும் பின்னும் போகட்டும், மேலே கூரை மட்டும் நான்கு சரிவுள்ள ஒரே செவ்வகமாக இருக்கட்டும் என்பது. அந்தரத்தில் ஓடும் கட்டையும் வளைந்த தாங்கிகளும் அந்த முடிவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை. அந்த விலையையே வீட்டின் முகமாக ஆக்கிக்கொண்டதில்தான் அந்தத் தச்சர்களின் மேதைமை இருக்கிறது.

கூரையின் உள்ளே

இவ்வகைக் கூடம் வழக்கமாக இரண்டு அங்கணம், அதாவது தூண்வரிசைகளுக்கு இடைப்பட்ட இரண்டு பகுதி, நீளமுள்ளது. இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. முன்சுவர்த் தூணிலிருந்து பின்சுவர்த் தூணுக்கு ஒரே பாய்ச்சலில் செல்லும் குறுக்கு விட்டம் மட்டும் உண்டு. அந்த விட்டத்தின் முதுகில், நட்ட நடுவில், ஒரு குட்டைத் தூண் நிற்கும். தச்சர்கள் அதை ‘கிரவுன் போஸ்ட்’ என்பார்கள். முடித்தூண் என்று நாம் சொல்லலாம். அதன் தலையிலிருந்து நான்கு திசைக்கும் வளைந்த கைகள் விரிந்து, கூரையின் நீளவாட்டில் ஓடும் ஒரு வளையையும் அதன்மேல் கிடக்கும் குறுக்குக் கட்டைகளையும் தாங்கும். ஒவ்வொரு சோடிக் கைமரத்தையும் இடையில் பிணைப்பவை அந்தக் குறுக்குக் கட்டைகளே. முடித்தூண் முகட்டைத் தொடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கூரைக்கு முகட்டு மரமே கிடையாது. கைமரச் சோடிகள் உச்சியில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன. அவை ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் காப்பதே கீழே ஓடும் வளையின் வேலை.

கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அலங்காரமும், தெரியாத இடத்தில் சிக்கனமும் இந்த வீடுகளின் நேர்மை. கூடத்தின் நடுவிட்டத்துக்கும் முடித்தூணுக்கும் செதுக்குவேலை செய்வார்கள். முனையறைகளின் மேலே யாரும் பார்க்காத கைமரங்கள் கோடாரி பட்டபடியே கிடக்கும். வெளிச்சுவரில் நெருக்கி நெருக்கி நிறுத்திய தூண்கள் 15ஆம் நூற்றாண்டில் செல்வத்தின் அடையாளமாயின. அவ்வளவு மரம் கட்டடத்தை நிறுத்தத் தேவையில்லை என்று ஊருக்கே தெரியும். தெரிந்திருப்பதில்தான் அதன் பயன் இருந்தது.

ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடேயே வேலைக்கு எடுத்தார்கள். காய்ந்த ஓக் உளியை மடக்கிவிடும். ஈர ஓக் இசைந்து கொடுக்கும். கட்டும் இடத்தில் அல்லாமல் தச்சுக்களத்தில் தரையில் பரப்பி, ஒரு சுவர் முழுவதையும் படுக்கவைத்தபடி பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ரோம எண்களைப் போன்ற கீறல்களை இருபக்கமும் இட்டு, பிறகு பிரித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கழுந்தைத் துளைக்குள் செருகி, குறுக்கே ஓக் முளை அடிப்பதுதான் இணைப்பு. இரும்பாணிக்கு அங்கே வேலையில்லை. கழுந்தில் இடும் ஓட்டை துளையின் ஓட்டைக்கு நேராக இராமல் மயிரிழை விலகியிருக்கும்படி செய்வார்கள். முளை அடிக்கப்படும்போது அந்த விலகல் மூட்டை இறுக்கி இழுத்துக்கொள்ளும். பிறகு மரம் காய்ந்து சுருங்கி முறுக்கேற, சட்டம் மேலும் உறுதிப்படும். பழைய ஓக் வீடுகளின் தூண்கள் வளைந்தும் தளங்கள் சாய்ந்தும் இருப்பதைக் கண்டு தச்சனைக் குறைசொல்பவர்கள் உண்டு. அந்த வளைவில் பெரும்பகுதி, வீடு எழுந்து நின்ற பின் முதல் சில ஆண்டுகளிலேயே மரம் காயும்போது நேர்ந்தது என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

சட்டத்தின் இடைவெளிகளை நிரப்பியது மண். ஓக் குச்சிகளை நிறுத்தி, அவற்றினூடே ஹேசல் என்ற குறுமரத்தின் மிலாறுகளைப் பின்னிப் படலாக்கி, களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மரத்தோடு சேர்ந்து அசையும். இந்த ஒரு குணத்தை மறந்ததால் பிற்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் எத்தனையோ வீடுகள் அழிந்திருக்கின்றன. சிமெண்ட் பூசிய இடத்திலெல்லாம் விரிசல் வழியாகப் புகுந்த நீர் திரும்ப வெளியேற முடியாமல் மரத்தில் தங்கி, தூணின் அடியையும் அடிக்கட்டையையும் உள்ளிருந்தே மக்கச்செய்துவிடும். வெளியே பார்த்தால் சுவர் வெள்ளையாக, நலமாகத்தான் தெரியும்.

புகை

இந்த வீட்டைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் ஒன்றுதான்: கட்டிய காலத்தில் இதற்குப் புகைபோக்கி இல்லை. கூடத்தின் தரையில், சுவரை ஒட்டாமல் திறந்த அடுப்பு எரிந்தது. கூடம் முகடுவரை திறந்திருந்தது அதற்காகவே. புகை மேலே ஏறி, விட்டத்துக்கு மேலுள்ள வெளியில் திரண்டு, கூரையின் இரு முனைகளிலும் மோட்டை ஒட்டி விடப்பட்ட சிறு முக்கோணத் திறப்புகள் வழியாகவும் வேய்ச்சலின் இடுக்குகள் வழியாகவும் கசிந்து வெளியேறும். கீழே அமர்ந்தவர்களின் தலைக்கு மேல் புகை ஒரு படலமாக நிற்க வேண்டுமானால் அவ்வளவு உயரம் வேண்டும். மேல்தளம் போட்டுக் கூடத்தின் உயரத்தைக் குறைத்தால் கண்ணைத் திறக்க முடியாது. முனைகளில் மாடி இருக்க நடுவில் மட்டும் இல்லாமற் போனதும், அதனால் நடுச்சுவர் உள்வாங்கியதும், அதனால் மேலே கட்டை அந்தரத்தில் ஓடியதும் எல்லாம் இந்த ஓர் அடுப்பிலிருந்து தொடங்கிய சங்கிலி.

சன்னல்களும் அதற்குத் துணை. இவ்வகை வீடுகளில் கூடத்தின் சன்னல்களில் பெரும்பாலும் கண்ணாடி கிடையாது. சதுர மரக்கம்பிகளை மூலைப்பக்கம் முன்னே தெரியும்படி வரிசையாக நிறுத்தி, உட்புறம் பலகைக் கதவு வைத்திருப்பார்கள். முன்னும் பின்னும் எதிரெதிரே சன்னல் இருந்ததால், காற்றடிக்கும் பக்கத்தை மூடி மறுபக்கத்தைத் திறந்து புகையையும் வெளிச்சத்தையும் சமன்செய்துகொள்ள முடிந்தது. புகையால் பயனும் இருந்தது: வேய்ச்சலின் அடிப்பக்கம் உலர்ந்து, பூச்சி அண்டாமல் காத்தது.

இன்று கட்டட ஆய்வாளருக்கு அந்தப் புகையே ஆவணம். ஒரு பழைய வீட்டில் இப்போது எத்தனை தளம் போட்டிருந்தாலும், கூரைப் பரணுக்குள் ஏறி விளக்கடித்தால், திறந்த கூடத்தின் மேலிருந்த கைமரங்கள் கரியேறிக் கறுத்திருக்கும். முனையறைகளின் மேலிருந்தவை ஓக்கின் இயற்கை நிறத்தில் இருக்கும். இரண்டையும் பிரிக்கும் தட்டியில் ஒரு முகம் கறுப்பு, மறுமுகம் வெளுப்பு. கூடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை அந்தக் கரியின் எல்லைக்கோடு காட்டிவிடும். எழுத்தில் ஒரு வரிகூட எஞ்சாத உழவர் வீடுகளின் வரலாறு கூரைக்கரியில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அது மிகையாகாது. கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்து மரத்துக்கு மெருகேற்றுவதை நான் அழிவுவேலை என்றே சொல்வேன்.

ஆல்ஃபிரிஸ்டன் கூடத்தின் தரைக்கும் ஒரு சிறப்பு உண்டு. அது இடித்து இறுக்கிய வெண்சுண்ணத் தரை. தூசி பறக்காமலிருக்கப் புளித்த பால் ஊற்றி மெழுகியது. பாலின் புரதம் சுண்ணத்தின் நுண்துளைகளில் புகுந்து இறுகும்போது மேற்பரப்பு கெட்டிப்படுகிறது. சாணமிட்டு மெழுகிய தரையில் நடந்து பழகியவர்களுக்கு இந்த முறையின் தர்க்கத்தை விளக்க வேண்டியதில்லை: காலடியில் கிடைக்கும் மண்ணும், மாட்டிடமிருந்து கிடைக்கும் பொருளும், அவ்வப்போது திரும்பச் செய்யும் உழைப்பும். தூரத்திலிருந்து வந்த ஓக் கூரையைத் தாங்க, ஊரின் சுண்ணப்பாறை காலைத் தாங்குகிறது.

தாழ்ந்த காலம்

16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவலானதும் வீல்டன் வடிவத்தின் காரணமே மறைந்தது. புகை ஒரு குழாய்க்குள் அடங்கிவிட்டால் கூடம் திறந்திருக்கத் தேவையில்லை. குறுக்கே தளம் போட்டு மேலே இன்னும் ஓர் அறையைப் பெறலாம். எஞ்சியுள்ள வீல்டன் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அப்படித்தான் மாறின. உள்வாங்கிய நடுச்சுவரையும் முன்னே இழுத்துச் சமன்செய்துவிட்டவர்கள் உண்டு. அத்தகைய வீடுகளைத் தெருவிலிருந்து அடையாளம் காண இறவாணத்தின் அடியில் எஞ்சிய வளைந்த தாங்கியைத் தேட வேண்டியிருக்கிறது.

குருவானவர்களின் வாழ்க்கையும் மாறியது. மணம் செய்துகொள்ளாத ஒரு குருவுக்கும் அவருக்குப் பணிசெய்பவருக்கும் போதுமான வீடு, 1549ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் குருமாருக்கு மணவாழ்வை அனுமதித்ததற்குப் பின், குழந்தை குட்டிகளோடு வாழும் குடும்பத்துக்குக் குறுகலானது. அடுத்து வந்த முதலாம் மேரி அரசியின் ஆட்சியில் அந்த அனுமதி பறிக்கப்பட்டு, எலிசபெத் காலத்தில் திரும்ப வந்தது. பிற்காலக் குருமார் எதிர்பார்த்த வசதிகளுக்கும் இந்த வீட்டுக்கும் இடையேயான தூரம் நூற்றாண்டுதோறும் கூடியது. இறுதியில் அது குருவின் வீடாக இல்லாமற் போய், கூலிக்காரக் குடும்பங்கள் வாழ இரண்டாகத் தடுக்கப்பட்டது. வாடகையால் வருமானம் சொற்பம். வேய்ச்சல் புதுப்பிப்பதோ செலவு. கூரை ஒழுகத் தொடங்கினால் மரச்சட்ட வீட்டின் சரிவு விரைவானது: நீர் முதலில் சுவர்த்தலைக் கட்டையை நனைக்கும், பிறகு தூண் வழியாக இறங்கி அடிக்கட்டையில் தேங்கும், அடிக்கட்டை மக்கினால் சுவர் அமர்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இதை இடித்துவிடுவதே மேல் என்ற எண்ணம் சொத்துக்கு உரிமையுள்ள திருச்சபை நிர்வாகத்திடம் வலுத்திருந்தது.

எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வசதியானவர்கள் கையில் இருந்திருந்தால் இந்த வீடு 18ஆம் நூற்றாண்டிலேயே செங்கல் முகப்பும் கண்ணாடிச் சன்னலும் பெற்று உருமாறியிருக்கக்கூடும். இதைக் காப்பாற்றியதில் வறுமைக்கும் ஒரு பங்கு உண்டு. அதன் சுமையைத் தாங்கியவர்கள் ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்த கூலிக்காரர்கள். குருமார்களின் வீடு என்று மட்டும் இதைக் குறிப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மீட்பும் பழுதுபார்ப்பும்

இடிப்பைத் தடுக்க முதலில் முனைந்தவர் ஊரின் குருவானவர் பெய்னன். அவர் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நாடினார். வில்லியம் மோரிசும் கட்டடக்கலைஞர் பிலிப் வெப்பும் முன்னின்று 1877இல் தொடங்கிய அமைப்பு அது. அக்காலத்தில் ஆலயங்களைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்ற பெயரில் பூச்சைச் சுரண்டி, பிற்காலச் சேர்க்கைகளை இடித்து, ஏதோ ஒரு கற்பனைத் தூய நிலைக்குக் கொண்டுபோகும் வழக்கம் இருந்தது. அதற்கு எதிராக எழுந்த சங்கத்தின் கொள்கை, பழையதைப் பழையதாகவே விட்டு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் புதியதை மறைக்காமல் சேர்த்துப் பழுதுபார்ப்பது. ஆனால் சங்கம் ஆலோசனை சொல்லுமேயன்றிக் கட்டடத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் அமைப்பன்று. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய அமைப்பாக 1895இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி மூவரும் நேஷனல் டிரஸ்ட்டைத் தொடங்கியிருந்தார்கள். லண்டனின் ஏழைகளுக்கு நல்ல வாடகை வீடுகள் அமைப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட ஆக்டேவியா ஹில் இந்தச் சிறு வீட்டின்மேல் காட்டிய பற்று தற்செயலானதன்று என்றே எண்ணுகிறேன். எளியவர் குடியிருக்கும் கூரை எப்படி ஒழுகும், அதைச் செப்பனிட எவ்வளவு ஆகும் என்பதை நேரில் அறிந்தவர் அவர்.

விலை 10 பவுண்டு என்றாலும் செப்பனிடும் செலவு அதைவிடப் பன்மடங்கு. அதற்குப் பொதுமக்களிடம் நிதி கேட்க வேண்டியிருந்தது. வேலையை மேற்பார்த்தவர், சங்கத்தின் கொள்கையில் ஊறிய கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பவல். இத்தகைய பழுதுபார்ப்பில் மிகக் கடினமானது எதைச் செய்வதென்பதன்று, எங்கே நிறுத்துவதென்பது. மக்கிய தூணடியை வெட்டிப் புதிய ஓக்கை ஒட்டுமூட்டாகச் சேர்க்கும்போது, வெட்டுக்கோடு இன்னும் ஓர் அடி மேலே போனால் வேலை சுலபம். ஆனால் அந்த ஓர் அடியில் பழைய தச்சனின் முளைத்துளையோ அடையாளக் கீறலோ போய்விடும். புதிய மரத்தைப் பழையது போலச் சாயமேற்றி மறைத்தால் பார்க்க நன்றாயிருக்கும். நாளை வரும் ஆய்வாளர் ஏமாந்துபோவார். பவல் சார்ந்திருந்த சிந்தனைப் பள்ளி இவ்விரண்டையும் மறுத்தது. ஆல்ஃபிரிஸ்டன் இன்றும் படிக்கக்கூடிய கட்டடமாக நிற்பதற்கு அந்த மறுப்பே காரணம் என்பது என் முடிவு. அதை வாங்கிய செயலைவிட அதை அடக்கத்தோடு பழுதுபார்த்த செயலையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொரு சாட்சி

இதே வடிவத்தின் மற்றொரு வீட்டை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த முடிவின் எடை விளங்கும். கென்ட்டின் சிடிங்ஸ்டோன் ஊர்ப்பகுதியில் பேலீஃப் என்ற வீல்டன் பண்ணைவீடு இருந்தது. அதன் கூடமும் கீழ்முனையும் 1405–1430 காலத்தவை. மேல்முனை அறைகள் 1509–10இல் சேர்ந்தவை. மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு கணிக்கப்பட்ட காலங்கள் இவை. அந்தப் பள்ளத்தாக்கில் பவ் பீச் நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, குடிநீர் நிறுவனம் வீட்டைக் கொடையாக அளிக்க, 1968–69இல் சட்டம் முழுவதும் எண்ணிட்டுப் பிரிக்கப்பட்டு, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள வீல்டு அண்ட் டவுன்லாந்து திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது. பிற்காலச் சேர்க்கைகளை நீக்கி, ஏறத்தாழ 1540இல் எப்படியிருந்திருக்குமோ அப்படி அமைத்து, திறந்த அடுப்பில் தீயும் மூட்டிக் காட்டுகிறார்கள். புகை விட்டத்துக்கு மேல் திரள்வதையும், தலைக்கு மேல் ஓர் எல்லைக்கோடு போல நிற்பதையும் அங்கேதான் கண்ணால் காணமுடியும். எத்தனை வரைபடம் பார்த்தாலும் கிடைக்காத அறிவு அது.

ஆனால் பேலீஃப் தன் வயலை இழந்தது. 1540க்குப் பின் அதில் வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற தடயங்களையும் இழந்தது. நீரில் மூழ்கவிருந்த வீட்டுக்கு இதைவிட நல்ல முடிவு இருந்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நின்ற இடத்திலேயே காக்கக்கூடிய கட்டடத்துக்கு இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆல்ஃபிரிஸ்டன் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. ஆனால் அதன் தரையின் சுண்ணம் அந்தக் குன்றின் சுண்ணம், அதன் வாசலுக்கு வெளியே குருவானவர் நடந்துபோன அதே ஆலயம்.

கூடத்தின் விட்டமூலையில் ஓர் ஓக் இலை செதுக்கப்பட்டிருக்கிறது. 1930களில் நேஷனல் டிரஸ்ட் தேர்ந்துகொண்ட ஓக் இலைச் சின்னத்துக்கு அதுவே மூலம் என்று சொல்லக் கேட்கலாம். அதற்கு உறுதியான சான்று இல்லாததால் நான் அதை ஏற்பதில்லை. ஓக் இங்கிலாந்தில் எல்லாரும் எடுத்தாளும் அடையாளம். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இலையைத் தேடி மூலைக்குப் போவதற்கு முன், கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும். முடித்தூணின் நான்கு கைகளும் விரியும் இடத்துக்கு மேலே, கீழே எரிந்த அடுப்பின் புகைக்கென்றே விட்ட வெற்றிடம் இன்னும் திறந்திருக்கிறது.